வெப்பம் ஓடிவிடுவதற்குள்

எச்ஐவி வைரஸின் புரோட்டியேஸ் என்ற நொதியைக் கரைசலாக வைத்துக்கொண்டு, அறை வெப்பநிலையில் அதில் இண்டினாவிர் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் கரைசல் குளிர்கிறது. அதே நொதியில் டாருனாவிரைச் சேர்த்தால் சூடாகிறது. இரண்டும் அந்த நொதியின் ஒரே குழியில் போய் அமரும் மருந்துகள். இரண்டுமே இறுகப் பற்றுபவை. ஆனால் ஒன்று சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு பற்றுகிறது. மற்றது வெப்பத்தை வெளியே விட்டபடி பற்றுகிறது. இந்தக் குளிர்ச்சியும் சூடும் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருப்பவை. விரலுக்குத் தெரியாது, சாதாரண வெப்பமானிக்கும் தெரியாது. இருந்தும் ஒரு மருந்து தன் இலக்கைப் பற்றுவதற்கான காரணம் இந்த அற்ப வெப்பத்துக்குள்தான் இருக்கிறது.

ஒரு மருந்து மூலக்கூறும் ஒரு புரதமும் சேர்வது இரண்டு பேர் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. இரண்டையும் சுற்றி நீர் மூலக்கூறுகள் நெருக்கமாக நிற்கின்றன. புரதத்தின் குழிக்குள்ளும் நீர் இருக்கிறது. மருந்து உள்ளே போக வேண்டுமானால் அந்த நீர் வெளியேற வேண்டும். எண்ணெய்ப் பசைபோல நீரை வெறுக்கும் பரப்புகளைச் சுற்றி ஒழுங்குபட்டு நின்ற நீர், விடுபட்டுத் தாறுமாறாக அலையத் தொடங்கும்போது என்ட்ரோபி கூடுகிறது. இண்டினாவிர் பெரும்பாலும் இதை நம்பித்தான் பற்றுகிறது. வெப்பக் கணக்கில் அதற்கு நட்டம், என்ட்ரோபிக் கணக்கில் அதைவிடப் பெரிய லாபம். டாருனாவிர் அப்படியல்ல. புரதத்தின் அணுக்களோடு நேரடியாக வலுவான ஹைட்ரஜன் பிணைப்புகளை அமைத்து, மோலுக்கு ஏறத்தாழ 12 கிலோகலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. இந்த வெப்பப் பங்குக்கு வேதியியலில் என்தால்பி மாற்றம் என்று பெயர். என்தால்பியும் என்ட்ரோபியும் கூடிக் கிடைப்பதே கட்டிலா ஆற்றல் மாற்றம். பற்று எவ்வளவு இறுக்கம் என்பதை அது சொல்கிறது.

மருந்து தேடும் ஆய்வகங்களில் இருக்கும் பெரும்பாலான கருவிகள் அந்தக் கூட்டுத் தொகையை மட்டுமே தருகின்றன. ஒளிரும் சாயத்தை மூலக்கூறில் ஒட்டி, சேர்ந்ததும் ஒளி மாறுகிறதா என்று பார்க்கலாம். புரதத்தைத் தங்கப் படலத்தின் மேல் நிலையாக ஒட்டிவைத்து, மருந்து வந்து அமர்ந்ததும் ஒளி பிரதிபலிக்கும் கோணம் மாறுவதைப் பார்க்கலாம். இரண்டும் வேகமானவை, பயனுள்ளவை. ஆனால் ஒட்டிய சாயமே பற்றுதலை மாற்றிவிடக்கூடும். தங்கத்தில் ஒட்டப்பட்ட புரதம் கரைசலில் அலையும் புரதத்தைப் போலவே நடந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வெப்பத்துக்கு எந்த ஒட்டும் வேண்டாம். மூலக்கூறுகள் சேர்ந்தால் பெரும்பாலும் வெப்பம் வெளிவரும், அல்லது உள்ளிழுக்கப்படும். எந்தப் புரதம், எந்த மருந்து என்ற பேதம் அதற்கில்லை. இந்தப் பொதுமைதான் கலோரிமீட்டரின் மீது எனக்குள்ள மதிப்புக்கு முதல் காரணம்.

வெப்பத்தை அளப்பது பழைய கலை. 1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாஸும் ஒரு பாத்திரத்தைச் சுற்றிப் பனிக்கட்டியை நிரப்பி, உள்ளே ஒரு கினிப்பன்றியை வைத்தார்கள். அதன் உடல் சூட்டில் உருகி வழிந்த நீரை எடைபோட்டார்கள். சுவாசம் என்பது மெதுவான எரிதல் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது அந்த நீரின் எடையை வைத்துத்தான். அதே கலையைப் புரதத்துக்கு ஏற்றபடி கூராக்க இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன. 1989இல் வைஸ்மன், வில்லிஸ்டன், பிராண்ட்ஸ், லின் ஆகியோர் விவரித்த கருவிதான் இன்று உயிர்வேதியியல் ஆய்வகங்களில் ஐடிசி என்று அழைக்கப்படும் சமவெப்பநிலைத் தரம்பார்த்தல் கலோரிமீட்டருக்கு அடித்தளம். பின்னால் இருந்த நிறுவனம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மைக்ரோகால்.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஒரே மாதிரியான இரண்டு உலோக அறைகள். ஒன்றில் புரதக் கரைசல், மற்றொன்றில் வெறும் நீர். இரண்டையும் ஒரே வெப்பநிலையில் வைத்திருக்க ஒரு மின்சுற்று இடைவிடாமல் கவனித்துக்கொண்டிருக்கிறது. சுழலும் ஊசி ஒன்று மருந்துக் கரைசலை அளவாகப் புரத அறைக்குள் செலுத்துகிறது. வெப்பம் வெளிவந்தால் அந்த அறையின் சூடேற்றிக்குப் போகும் மின்திறன் குறைக்கப்படுகிறது. வெப்பம் உள்ளிழுக்கப்பட்டால் கூட்டப்படுகிறது. எவ்வளவு கூட்ட வேண்டியிருந்தது, குறைக்க வேண்டியிருந்தது என்பதே அளவீடு. முதல் சில செலுத்தல்களில் புரதம் காலியாக இருப்பதால் பெரிய வெப்பம். புரதம் நிறைய நிறைய வெப்பம் குறைந்து, கடைசியில் கரைசல் நீர்த்துப்போவதால் வரும் சிறு வெப்பம் மட்டுமே மிஞ்சும். இந்த ஒரே வளைகோட்டிலிருந்து மூன்று விடைகள் கிடைக்கின்றன: பற்றின் இறுக்கம், ஒரு புரதத்துக்கு எத்தனை மருந்து மூலக்கூறு என்ற விகிதம், என்தால்பி. வெப்பநிலையும் தெரியும் என்பதால் என்ட்ரோபியைக் கழித்தல் கணக்கில் பெறலாம்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் எர்னெஸ்டோ ஃப்ரேரேயும் அவரது குழுவினரும் எச்ஐவி மருந்துகளின் இந்தக் கணக்கைப் பிரித்துக் காட்டியது இப்படித்தான். 1990களின் நடுவில் வந்த இண்டினாவிர், சாக்வினாவிர், நெல்பினாவிர் மூன்றும் வெப்பத்தை உள்வாங்கிப் பற்றுபவை. 2006இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற டாருனாவிர் எதிர்த்திசையில் நின்றது. டாருனாவிர் பற்று மிக இறுக்கமானது என்பதால் நேரடியாக அளந்தால் வளைகோடு செங்குத்தான படிபோல விழுந்து, இறுக்கத்தைக் கணிக்க இடமில்லாமல் போகும். அதற்கும் ஒரு வழி உண்டு. பலவீனமாகப் பற்றும் வேறொரு மூலக்கூறை முதலில் நொதியில் அமர்த்திவிட்டு, வலுவான மருந்தைக் கொண்டு அதை வெளியேற்றி, இரண்டு வெப்பங்களின் வேறுபாட்டிலிருந்து விடையை மீட்பார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளிலும் ஃப்ரேரே இதே போக்கைக் கண்டார். பிந்தி வந்த ரோசுவாஸ்டாட்டின் வெப்பம் வெளியிட்டுப் பற்றுகிறது. முந்தி வந்த ஃப்ளுவாஸ்டாட்டினிடம் அந்தப் பங்கு ஏறத்தாழ இல்லை.

இதிலிருந்து, அதிக வெப்பம் தரும் மருந்தே சிறந்த மருந்து என்று சிலர் சூத்திரம் எழுதப் பார்த்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ஹைட்ரஜன் பிணைப்பைக் கூட்டினால் என்தால்பி மேம்படும். ஆனால் அதே பிணைப்பு மூலக்கூறின் அசைவைக் கட்டிப்போட்டு என்ட்ரோபியைப் பறித்துக்கொள்ளும். கூட்டிப் பார்த்தால் இறுக்கம் இருந்த இடத்திலேயே நிற்பதும் உண்டு. டாருனாவிர் எதிர்ப்புத்திறன் கொண்ட வைரஸ்களிடமும் நன்றாக வேலை செய்வதற்கு, அருண் கோஷ் வடிவமைத்த அதன் இரட்டை வளையப் பகுதி நொதியின் முதுகெலும்பு அணுக்களைப் பிடித்துக்கொள்வது முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. வைரஸ் திரிபடைந்தால் பக்கச் சங்கிலிகள் மாறும், முதுகெலும்பு அவ்வளவு எளிதில் மாறாது. வெப்பத்தின் எண் மட்டும் இதைச் சொல்லிவிடாது. ஆனால் மருந்து எதைப் பிடித்துத் தொங்குகிறது என்று எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பார்த்து யோசிக்கும் வேதியியலருக்கு அந்த எண் ஒரு திசையைக் காட்டுகிறது. வெறும் இறுக்கத்தின் எண் அதைக் காட்டுவதில்லை.

இவ்வளவு சொல்லும் கருவி, மருந்து தேடலின் தொடக்கத்தில் ஏன் இல்லை? காரணம் புரதம். மைக்ரோகாலின் பழைய கருவி ஒன்றின் அறை 1.4 மில்லிலிட்டர். ஒரு சோதனைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் தூய புரதம் தேவைப்படலாம். பாக்டீரியாவிலோ பூச்சிச் செல்லிலோ வளர்த்து, பல கட்டங்களில் வடித்தெடுத்துச் சுத்தம் செய்த புரதத்தில் ஒரு மில்லிகிராம் என்பது சில இலக்குகளுக்குப் பல நாள் உழைப்பு. அடுத்து வந்த கருவி அறையை 200 மைக்ரோலிட்டராக, அதாவது ஏழில் ஒரு பங்காகச் சுருக்கியது. நேரமும் குறைந்தது. இருந்தாலும் ஒவ்வொரு சேர்மத்துக்கும் அரைமணி, ஒரு மணி நேரம் என்றால் பல்லாயிரம் சேர்மங்களைச் சலிப்பது நடக்காது. ஆகவே வேறு கருவிகள் சலித்துத் தந்த நூறில் ஒன்றை உறுதிப்படுத்தும் இடத்தில்தான் கலோரிமீட்டர் உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் சுருக்கினால் என்ன? கேட்க எளிது. ஆனால் இயற்பியல் இங்கே குறுக்கே நிற்கிறது. அண்டாவில் காய்ச்சிய வெந்நீர் மணிக்கணக்கில் சூடாகக் கிடக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறிவிடும். வெப்பம் ஒரு பொருளுக்குள் பரவி வெளியேற எடுக்கும் நேரம் அதன் நீளத்தின் இருமடிக்கேற்ப மாறுகிறது. நீரில் ஒரு சென்டிமீட்டரைக் கடக்கப் பத்து நிமிடங்களுக்கு மேல், ஒரு மில்லிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஏழு விநாடி, பத்தில் ஒரு மில்லிமீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெப்பம் தரும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையோ நீளத்தின் மும்மடிக்கேற்பக் குறைகிறது. அறையைச் சுருக்கச் சுருக்க வெப்பம் குறைகிறது, உள்ள வெப்பமும் ஓடிவிடுகிறது.

அதைவிடக் கடினமான இன்னொன்று இருக்கிறது. நீரில் வெப்பம் விரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், ஒரு புரத மூலக்கூறு விரவும் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். இரண்டு சிறு துளிகளைச் சேர்த்துவிட்டு அவை தாமாகக் கலக்கட்டும் என்று விட்டால், புரதமும் மருந்தும் ஒன்றையொன்று சந்திக்கப் பல நிமிடங்கள் ஆகும். முதலில் சந்தித்தவை தந்த வெப்பம் அதற்குள் துளியை விட்டே போயிருக்கும். சுருக்கிய கலோரிமீட்டர் ஒவ்வொன்றும், வெப்பம் ஓடுவதற்குள் மூலக்கூறுகளைச் சந்திக்க வைக்க வேண்டும் என்ற இந்த ஒரே நெருக்கடிக்குத் தேடிய விடைதான்.

2004இல் பாலோ ஆல்டோ ஆய்வு மையம் ஒரு விடையைத் தந்தது. பார்க் என்று அறியப்படும் அந்த மையம் லேசர் அச்சுப்பொறிக்கும் ஈத்தர்நெட்டுக்கும் பிறப்பிடமாகப் பெயர்பெற்றது. பெரிய பரப்புகளில் மின்னணுச் சுற்றுகளை அச்சிடுவதில் அங்கிருந்தவர்களுக்கு நீண்ட பழக்கம். பிரான்சிஸ்கோ டோரஸ் தலைமையில் எழுதப்பட்ட கட்டுரையில் அவர்கள் விவரித்தது, மெல்லிய பாலிஇமைடு படலத்தின் மேல் 96 வெப்ப உணரிகளை வரிசையாக அமைத்த ஒரு தட்டு. கண்ணாடியோ சிலிக்கானோ வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடும்; இந்தப் பிளாஸ்டிக் படலம் கடத்தாது, மெல்லியது என்பதால் வெப்பத்தைத் தானே விழுங்குவதும் குறைவு. ஒவ்வோர் உணரியிலும் இரண்டு துளிகள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும். ஒன்றில் புரதம், மற்றொன்றில் மருந்து. சேர்த்தால் மொத்தம் சில நூறு நானோலிட்டர். அருகிலேயே வினை நடக்காத இன்னொரு துளி இணை. மின்புலத்தைக் கொடுத்ததும் இரண்டு இணைகளும் ஒரே நொடியில் ஒன்றாகின்றன. வெப்ப உணரிகளான தெர்மிஸ்டர்கள் வீட்ஸ்டோன் சமனச் சுற்றாக இணைக்கப்பட்டிருப்பதால் இரு இடத்துக்கும் பொதுவான வெப்பநிலை மாற்றங்கள் கழிந்துபோகும், வினையின் வெப்பம் மட்டும் மிஞ்சும். பன்னிரண்டாம் வகுப்பில் தடையை அளக்கப் படித்த அதே சுற்று இங்கே மூலக்கூறுகளின் சேர்க்கையை அளக்கிறது.

அவர்களே சொன்ன சோதனைகளில் ஸ்ட்ரெப்டாவிடினும் பயோட்டினும் சேர்வது ஒன்று. உயிரியலில் அறியப்பட்ட மிக இறுக்கமான சேர்க்கைகளில் ஒன்று அது. ஹெக்சோகைனேஸ் நொதி குளுக்கோஸுக்குப் பாஸ்பேட்டை ஏற்றுவது இன்னொன்று. மைட்டோகாண்ட்ரியாக்களின் சுவாசத்தையும் அதே தட்டில் அளந்தார்கள். லவாய்சியரின் பனிக்கட்டிப் பாத்திரத்துக்குள் ஒரு முழு விலங்கு இருந்தது. இங்கே விலங்கின் செல்லுக்குள் இருக்கும் எரியறை மட்டும், ஒரு துளிக்குள்.

இந்தத் துளியின் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 250 நானோலிட்டர் துளியில் லிட்டருக்கு 100 மைக்ரோமோல் செறிவில் மூலக்கூறுகள் சேர்ந்து, மோலுக்கு 40 கிலோஜூல் வெப்பம் வந்தால், மொத்த வெப்பம் ஒரு மைக்ரோஜூல். துளியின் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு உயரும். இனி ஆவியாதலைப் பாருங்கள். அந்தத் துளியில் மில்லியனில் இரண்டு பங்கு நீர் ஆவியானாலே, அதன் உள்ளுறை வெப்பம் இந்த ஒரு மைக்ரோஜூலை விழுங்கிவிடும். ஆய்வாளர்களின் உழைப்பில் பெரும்பகுதி ஈரப்பதத்தைப் பிடித்துவைப்பதில் போவதன் காரணம் இந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும்.

கரைசல்களும் ஏமாற்றும். மருந்துச் சேர்மங்கள் பெரும்பாலும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் சேமிக்கப்படுகின்றன. அது நீரோடு கலக்கும்போது கணிசமான வெப்பத்தை வெளியிடும். இரண்டு துளிகளிலும் அதன் அளவு சிறிது வேறுபட்டாலும், மருந்து பற்றியதால் வந்த வெப்பம் அதற்குள் மூழ்கிப்போகும். பற்றும்போது புரதம் ஒரு ஹைட்ரஜன் அயனியை விட்டாலோ எடுத்தாலோ தாங்கல் கரைசலும் வினையில் பங்கெடுத்து வெப்பம் தரும். பாஸ்பேட்டில் அது சிறியது, டிரிஸ்ஸில் பெரியது. ஆகவே ஒரே சோதனையை இரண்டு தாங்கல் கரைசல்களில் செய்து பார்ப்பது அனுபவம் உள்ளவர்களின் வழக்கம். வெப்பம் எல்லாவற்றையும் பதிவு செய்யும் என்பது அதன் பலம். எல்லாவற்றையும் சேர்த்தே பதிவு செய்யும் என்பது அதன் தொல்லை.

கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் மைக்கேல் ரூக்ஸின் குழு வேறு பாதையில் போனது. 2009இல் அவர்கள் காட்டிய கருவியில் துளியே இல்லை. பாரிலீன் என்ற பாலிமரால் ஆன நுண்குழாய்க்குள் திரவம் ஓடுகிறது. குழாயைச் சுற்றி வெற்றிடம். திரவம் மூடிய குழாயில் இருப்பதால் ஆவியாதல் கட்டுக்குள் வந்தது. வெற்றிடம் இருப்பதால் வெப்பம் ஓட வழி குறைந்தது. அளவறையின் கொள்ளளவு சில நானோலிட்டர், கண்டறியக்கூடிய திறன் சில நானோவாட். பார்க் வெப்பத்தை முந்திக்கொள்ளப் பார்த்தது என்றால், இவர்கள் வெப்பத்தின் ஓட்டத்தையே தாமதப்படுத்தினார்கள். பொறியியலாக இதுவே எனக்கு அழகாகத் தோன்றுகிறது. ஆனால் 96 சோதனைகளை ஒரே தட்டில் அடுக்கும் வசதி துளிகளிடம்தான் இருக்கிறது. மருந்து தேடுபவருக்கு வேண்டியது அதுதான்.

சுருக்குவதைப் பற்றி எழுதுபவர்கள் அடிக்கடி சொல்லாமல் விடும் ஓர் உண்மை உண்டு. துளியைச் சிறிதாக்கினால் தேவைப்படும் புரதத்தின் மொத்த அளவு குறையும். செறிவு குறையாது. மேலே போட்ட கணக்கில் வெப்பநிலை உயர்வைத் தீர்மானித்தது செறிவு மட்டுமே; கொள்ளளவு வகுத்தலில் அடிபட்டுப் போனது. ஆயிரத்தில் ஒரு டிகிரி வேண்டுமானால் 250 நானோலிட்டரானாலும் ஒரு மில்லிலிட்டரானாலும் அதே 100 மைக்ரோமோல் செறிவு வேண்டும். பல புரதங்கள் அந்தச் செறிவில் திரண்டு படிந்துவிடும். இறுகப் பற்றும் மருந்தை அவ்வளவு செறிவில் அளந்தால், எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்துவிட்டது என்ற ஒரு செய்திதான் வரும். எவ்வளவு இறுக்கம் என்ற செய்தி வராது. அப்படியானால் இந்த நானோ கலோரிமீட்டர் யாருக்கு உகந்தது? பலவீனமாகப் பற்றுபவற்றுக்கு.

மருந்து தேடலில் அப்படிப்பட்டவற்றுக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. துணுக்கு வழி மருந்து வடிவமைப்பு என்று அதைச் சொல்லலாம். முழு மருந்தளவு பெரிய சேர்மங்களுக்குப் பதில், மூலக்கூறு நிறை 300க்குள் அடங்கும் சின்னஞ்சிறு துணுக்குகளைப் புரதத்தின் மேல் சோதிப்பார்கள். அவை தளர்வாகத்தான் பற்றும். ஆனால் பற்றிய இடத்தை எக்ஸ்-கதிர்ப் படிகவியலில் பார்த்து, அணு அணுவாக வளர்த்தெடுத்தால் மருந்தாகும். தோல் புற்றுநோய்க்கு 2011இல் ஒப்புதல் பெற்ற வெமுராபெனிப் அந்த வழியில் வந்தது. தளர்வான பற்றை அளக்க எப்படியும் அதிகச் செறிவு தேவை. நானோ கலோரிமீட்டரும் அதிகச் செறிவையே கேட்கிறது. கருவியின் குறையும் வேலையின் தேவையும் இங்கே ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன.

புரதச் செறிவுச் சிக்கலைத் தாண்ட பார்க் ஆய்வாளர்கள் இன்னொரு வழியும் எடுத்தார்கள். பற்றும் வெப்பத்தை நேரடியாக அளக்காமல், நொதியின் வேலையை அளப்பது. ஒரு நொதி மூலக்கூறு அடுத்தடுத்துப் பல வினைபடு மூலக்கூறுகளை மாற்றுகிறது. ஒவ்வொன்றும் வெப்பம் தருகிறது. ஆகவே சிறிதளவு நொதியே போதும், வெப்பம் தொடர்ந்து வரும். துணுக்கு ஒன்று நொதியைத் தடுத்தால் அந்த வெப்ப ஓட்டம் மந்தமாகும். மூளையில் சமிக்ஞை மூலக்கூறுகளை உடைக்கும் பிடிஇ10ஏ என்ற நொதிக்கு இப்படித் துணுக்குகளைச் சலித்து, படிகவியலோடு இணைத்து, தடுப்பான்களாக மேம்படுத்தவும் செய்தார்கள். வழக்கமான நொதிச் சோதனைகளில் நிறமோ ஒளிர்வோ தரும் செயற்கை வினைபொருள் வேண்டும். இங்கே இயற்கையான வினைபொருளே போதும். சேர்மம் நிறமுள்ளதா, கரைசல் கலங்கலா என்ற கவலையும் இல்லை.

திறன் அளவீட்டின் கீழ் எல்லை இதற்குப் பின்னும் இறங்கியிருக்கிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, வெற்றிடத்தில் தொங்கும் நுண்குழாயில் 0.2 நானோவாட் வரை உணர்ந்தது. அதில் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரியைத் தனியே வைத்து அளந்தபோது, அது உயிரோடு இருப்பதற்காகச் செலவிடும் திறன் 1 முதல் 4 நானோவாட் வரை என்று தெரிந்தது. பெரிய செல்கள் அதிகமாகவும் சிறியவை குறைவாகவும் வெப்பம் தந்தன. பிறகு மைட்டோகாண்ட்ரியாவின் எரிதலை ஆற்றல் சேமிப்பிலிருந்து துண்டிக்கும் சேர்மம் ஒன்றை உள்ளே அனுப்பி, செல்லின் வெப்பம் ஏறுவதை அந்தக் கணத்திலேயே பார்த்தார்கள். பார்க் குழு 2004இல் மைட்டோகாண்ட்ரியா துளியில் கலந்த டைநைட்ரோபீனாலும் இதே வகைச் சேர்மம்தான். 1930களில் அதை உடல் மெலியும் மருந்தாக விற்றார்கள்; உடல் கட்டுப்பாடின்றிச் சூடேறிச் சிலர் இறந்தார்கள். அந்தச் சூட்டை அன்று நோயாளியின் உடலில்தான் காண முடிந்தது. ஒரு சேர்மம் மனித உடலுக்குள் போவதற்கு வெகு முன்பே, தனியொரு செல்லின் எரிபொருள் செலவை அது என்ன செய்கிறது என்று காணும் அளவுக்கு உணர்திறன் இப்போது எட்டியிருக்கிறது. ஒரு செல்லுக்கு ஒரு குழாய் என்ற நிலையிலிருந்து, 96 செல்லுக்கு 96 குழாய் என்ற நிலைக்கு அதைக் கொண்டுபோவதுதான் மிச்சமிருக்கும் பொறியியல்.